விசுவாசத் தாசில்தார்

வில்லியனூர் தாலுகா அலுவலகத்தில் சாதிச் சான்றிதழ் கிடைக்கும். வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் எல்லாம் கிடைக்கும். விசுவாசச் சான்றிதழ் மட்டும் கிடைக்காது. அது வேண்டுமென்றால் சங்கராபரணி ஆற்றங்கரைக்கு, எங்கள் செல்லிப்பட்டுக்கு வர வேண்டும். இங்கே தெருவுக்கு ஒரு விசுவாசத் தாசில்தார் இருக்கிறார். அரசு நியமிக்கவில்லை, சம்பளம் கிடையாது, விடுப்பும் கிடையாது. காலையில் அவர் டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டால் அலுவலகம் திறந்துவிட்டது என்று பொருள்.

அவர் விசாரிக்கிற கோப்புகள் அத்தனையும் கால்பந்து நட்சத்திரங்களுடையவை. யார் எந்தக் கிளப்பை விட்டுப் போனார், போகும்போது அழுதாரா, அழுதது நிஜ அழுகைதானா, போன இடத்தில் முதல் கோல் அடித்ததும் சட்டையில் இருக்கும் புதுச் சின்னத்துக்கு முத்தம் கொடுத்தாரா, கொடுத்ததில் மனசு இருந்ததா என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தங்கள் கோப்பு புதுச்சேரியில் ஒரு டீக்கடையில் நிலுவையில் இருப்பது சம்பந்தப்பட்ட வீரர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் கொஞ்சம் யோசித்துத்தான் கையெழுத்துப் போடுவார்கள்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். வயது நாற்பதுக்கு முன்னே பின்னே. சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் நம் கடிகாரத்தில் பெரும்பாலும் நள்ளிரவு தாண்டித்தான் தொடங்குகின்றன என்பதால் கண் எப்போதும் சிவந்திருக்கும். மொட்டை மாடியில் கொசுவர்த்தியைக் கொளுத்தி வைத்து, செல்போனைத் தண்ணீர்த் தொட்டியில் சாய்த்து, வீட்டில் இருப்பவர்கள் எழுந்துவிடாதபடி வாயைப் பொத்திக்கொண்டு கோலுக்குக் கத்துகிற கலை அவருக்குக் கைவந்தது. உடம்பில் சண்டே மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிய பாரிஸ் சான் ஜெர்மான் பனியன். முதுகில் எம்பாப்பே பெயர் இருந்த இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப். டேப்புக்குக் கீழே 7 என்ற எண் மட்டும் பளிச்சென்று இருக்கும்.

"பேரை மறைச்சிட்டீங்க, நம்பரை ஏன்ணா விட்டு வச்சீங்க?" என்று டீ மாஸ்டர் ஒருநாள் கேட்டார்.

"அது தோனி நம்பர்டா. அவரு இன்னா பண்ணாரு பாவம்!"

புதுச்சேரிக்காரர் பாரிஸ் கிளப்பை ஆதரிப்பதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. எங்கள் பக்கத்தில் நாலு தெரு சுற்றினால் ஒரு சொல்தா குடும்பம் இருக்கும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, ஊர் ஊராகப் போய்விட்டு, பென்ஷனோடு திரும்பி வந்த தாத்தாக்கள். ஆனால் நம் தாசில்தார் பாரிஸுக்கு வந்து சேர்ந்த வழி அதுவல்ல. அவர் முதலில் பார்சிலோனா பக்தர். 2021 ஆகஸ்ட் 8ஆம் தேதி மெஸ்ஸி பார்சிலோனாவில் மேடையேறிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு விடைபெற்றபோது இவரும் இங்கே துண்டால் கண்ணைத் துடைத்தார். இரண்டு நாள் கழித்து மெஸ்ஸி பாரிஸில் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே இவரும் பாரிஸ்காரர் ஆகிவிட்டார். 2023இல் மெஸ்ஸி அமெரிக்காவின் இன்டர் மயாமிக்குப் போனபோது அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தார்: "குடும்பத்தோட நிம்மதியா இருக்கணும்னு போறாரு. அதெல்லாம் துரோகத்துல வராது." அமெரிக்க ஆட்டம் விடியற்காலையில் வந்து ஷிப்டைக் கெடுக்கும் என்பதால், தான் மட்டும் பாரிஸிலேயே எம்பாப்பேவின் நிழலில் தங்கிவிட்டார்.

இதிலிருந்து அவர் நடத்துகிற சட்டம் புரிந்திருக்கும். நட்சத்திரம் கிளப்பை விட்டுப் போகும்போது நம்மையும் கூட்டிக்கொண்டு போனால் அதன் பெயர் வளர்ச்சி. நம்மை அம்போ என்று விட்டுவிட்டுப் போனால் துரோகம்.

எம்பாப்பே விட்டுவிட்டுப் போனார். அந்த வழக்கை அவர் சொல்லக் கேட்க வேண்டும். 2022 மே மாதம் ரியல் மாட்ரிட் கூப்பிட்டும் போகாமல், கிளப் தலைவர் நாசர் அல் கெலைஃபியோடு மைதானத்தில் நின்று, 2025 என்று எழுதிய சட்டையைத் தூக்கிக் காட்டினார் எம்பாப்பே. அன்று ராத்திரியே மெட்ஸ் அணிக்கு எதிராக மூன்று கோல். மறுவருஷம் ஜூனில், கடைசி வருஷத்துக்கான வாய்ப்பை எடுக்கப் போவதில்லை, 2024இலேயே கிளம்புகிறேன் என்று கடிதம். கோபத்தில் கிளப் அவரை ஜப்பான் சுற்றுப்பயணத்துக்குக் கூட்டிப் போகாமல் ஒதுக்கி வைத்தது. பிறகு சமாதானமாகிச் சேர்த்துக்கொண்டது. 2024 மே மாதம் சொந்த மைதானத்தில் அவருடைய கடைசி ஆட்டத்தில் கைதட்டலோடு விசிலும் சேர்ந்து வந்தது. கிளப்பின் வரலாற்றிலேயே அதிகமாக 256 கோல் அடித்தவருக்குக் கிடைத்த வழியனுப்பு விழா அது. ஜூலையில் ரியல் மாட்ரிட் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷமே, 2025 மே 31ஆம் தேதி, மியூனிக்கில் இன்டர் மிலானை 5-0 என்று அடித்து பாரிஸ் அணி முதல் முறையாகச் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கியது.

விடிந்ததும் டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் தாசில்தார் செலவில் டீ. "சாமி இருக்குதுடா" என்றார். கோப்பை வாங்கிய சந்தோஷத்தைவிட, போனவன் இல்லாமல் வாங்கிய சந்தோஷம் அவர் முகத்தில் அதிகமாகத் தெரிந்தது.

பாரிஸ் கிளப் எம்பாப்பேவை எப்படிப் பெற்றது என்று மட்டும் அவரிடம் யாரும் கேட்கக் கூடாது. மொனாக்கோவில் பேர் வாங்கிய பையனைச் சுமார் 18 கோடி யூரோ பேசித்தான் 2017இல் கொண்டுவந்தார்கள். அதே கோடையில் பார்சிலோனாவிலிருந்து நெய்மாரை 22.2 கோடி யூரோவுக்கு வாங்கினார்கள். மொனாக்கோ ரசிகனுக்கும் மனசு உண்டு என்பது தாசில்தார் அலுவலகத்துக்கு இதுவரை தெரிவிக்கப்படவில்லை.

அவருடைய சொந்தக் கோப்பையும் கொஞ்சம் புரட்டலாம். திருபுவனைப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அதற்கு முன் சேதராப்பட்டு. அதற்கும் முன் மேட்டுப்பாளையம். ஒவ்வொரு தடவையும் சம்பளம் ஆயிரமோ ஆயிரத்தைந்நூறோ கூடியது, அதனால் மாறினார். அதில் தப்பே இல்லை, குடும்பஸ்தர். பைக் டாங்கில் ஒட்டிய கட்சி ஸ்டிக்கரையும் அவ்வப்போது மாற்றியிருக்கிறார். பழைய ஸ்டிக்கரை உரித்தபோது கூடவே வந்த பெயின்ட் அதற்குச் சாட்சி. 2021 பிப்ரவரியில் எம்எல்ஏக்கள் ஒருவர் பின் ஒருவராக ராஜினாமா செய்து முதல்வர் நாராயணசாமியின் ஆட்சி கவிழ்ந்தபோது, அப்படிக் கிளம்பியவர்களுக்காக இதே பெஞ்சில் வாதாடியவர் இவர். "தொகுதி வளர்ச்சிக்காகப் போனாங்கப்பா" என்றார். எம்பாப்பேவும் கோப்பை வளர்ச்சிக்காகத்தான் போனார் என்று சொல்லிப் பாருங்கள். டீக் கிளாஸ் பறக்கும்.

இதில் ஊர்க் கோப்பு தனி. காணும் பொங்கலையொட்டி அறுத்த வயலில் கோடு போட்டு எழுவர் கால்பந்துப் போட்டி நடக்கும். எங்கள் தெருப் பையன் ஒருத்தன், ஓட்டத்தில் காற்று, போன போட்டியில் ஆற்றைத் தாண்டிப் போய்ப் பிள்ளையார்குப்பம் அணிக்கு ஆடினான். ஐந்நூறு ரூபாயும் பிரியாணியும் பேச்சு. நமக்கு எதிராகவே கோலும் அடித்தான். தாசில்தார் கோட்டுக்கு வெளியே நின்று, "ஊரை வித்துட்டியேடா!" என்று கத்தினார். அந்த நேரம் எங்கள் அணியின் கோல்கீப்பர் வில்லியனூர். முன்னால் நின்று ஆடியவர் திண்டிவனம். இரண்டு பேருக்கும் பணம் பேசி, பஸ் ஸ்டாண்டிலிருந்து தன் பைக்கிலேயே ஏற்றி வந்தவர் நம் தாசில்தார்தான்.

ஆட்டம் முடிந்ததும் அந்தப் பையன் நேரே இவரிடம் வந்தான். "மூணு வருஷமா என்னை ஓரமா உக்கார வச்சு வெளியூர் ஆளுங்களை எறக்குனீங்களே, அப்ப நான் ஊர்க்காரன் இல்லியாண்ணா?" என்று கேட்டான். தாசில்தார் பதில் சொல்லவில்லை. "தண்ணி குடிச்சியாடா?" என்று மட்டும் கேட்டார்.

தன் கட்சி தோற்கும்போதெல்லாம் அவர் இறக்குகிற சாட்சிகள் சிலர் உண்டு. முதல் சாட்சி இத்தாலியின் பிரான்செஸ்கோ டோட்டி: 1993 முதல் 2017 வரை ரோமா ஒன்றுக்கே ஆடினார். அடுத்தவர் நம்மூர் சூனி கோஸ்வாமி: 1954 தொடங்கி 1968 வரை மோகன் பகான் மட்டும்தான், 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த கேப்டன். "இவங்கள்லாம் மனுசங்க. இப்ப இருக்கறவனுங்க ஏலச்சீட்டு!"

கல்கத்தாவின் பழைய கணக்கை முழுக்கத் திறந்தால் வேறு விஷயங்களும் விழும். வீரர்கள் கட்சி மாறும் பருவத்தில், எதிர்க் கிளப் தூக்கிக்கொண்டு போய்விடும் என்று பயந்து, கையெழுத்துப் போடும் நாள்வரை ஆட்களை ஒளித்து வைத்த கதைகளும் அதே ஊருடையவைதான். பி.கே. பானர்ஜி மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் இரண்டு பக்கமும் போகாமல், ஆடிய காலத்தில் பெரும்பகுதி ஈஸ்டர்ன் ரயில்வேயிலேயே இருந்தார். 1958இல் அந்த ரயில்வே அணி கல்கத்தா லீக்கையே வென்றது. ரயில்வே அணியில் இருந்தால் ரயில்வே வேலையும் இருந்தது. மோகன் பகானிலேயே காலத்தைக் கழித்த சைலேன் மன்னாவுக்குச் சோறு போட்டது இந்திய நிலவியல் ஆய்வுத் துறை வேலை. அந்தக் காலத்து விசுவாசத்துக்குப் பின்னால் மாதச் சம்பளமும் பென்ஷனும் நின்றன. பென்ஷன் அருமை தெரிந்த புதுச்சேரிக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கிளப்புகள் வீரர்களிடம் காட்டிய விசுவாசத்தைப் பற்றி அவருடைய அக்கா மகன்தான் வாயைத் திறப்பான். டிப்ளமா முடித்துக் காண்ட்ராக்ட்டில் இருக்கிற பையன், மாமாவுக்கு அஞ்சாதவன்.

"மாமா, உன் பழைய கம்பெனிக்காரன் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வச்சுக்கினு தர மாட்டேன்னானே, ஞாபகம் இருக்கா?"

"அவன் நாசமாப் போவான்! ஆறு மாசம் அலைய விட்டான்டா."

"பொஸ்மான்னு பெல்ஜியத்துல ஒருத்தரு. அவருக்கும் அதே கதைதான். ஒப்பந்தம் முடிஞ்சுபோச்சு. பிரான்ஸ்ல டன்கர்க் கிளப்புக்குப் போறேன்னாரு. லியேஜ் கிளப், காசு வச்சாத்தான் விடுவேன்னு புடிச்சு வச்சுது. கோர்ட்டுக்குப் போனாரு. 1995 டிசம்பர்ல ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொல்லுச்சு, ஒப்பந்தம் முடிஞ்சவனைப் புடிச்சு வைக்க முடியாதுன்னு. எம்பாப்பே சும்மா கிளம்பினாருன்னா இவரு போட்ட வழியிலதான். அப்ப சர்டிபிகேட்டை வச்சிருந்தவன் பக்கமா நீ, இல்ல கேட்டு அலைஞ்சவன் பக்கமா?"

தாசில்தார் டீயை ஆற்ற ஆரம்பித்தார். ஏற்கெனவே ஆறிப்போன டீ.

பையன் விடவில்லை. "கிளப்பே ஊரை விட்டு ஓடுது மாமா. டெல்லி டைனமோஸ்னு ஒண்ணு இருந்துச்சு. 2019ல மூட்டையைக் கட்டிக்கினு புவனேஸ்வர் போய் ஒடிசா எஃப்சி ஆயிடுச்சு. டெல்லி ரசிகன் யார்கிட்டப் போய் அழுவான்? நம்ம சென்னைப் பையன் நந்தகுமார் அந்த டீம்லதான் சேர்ந்தாரு. அவரு எங்கியும் ஓடல, கிளப்புதான் ஓடிச்சு. அப்புறம் ஈஸ்ட் பெங்காலுக்குப் போயி, 2023 ஆகஸ்ட்ல டூரண்ட் கோப்பைல மோகன் பகானுக்கு எதிரா ஒத்தை கோல் அடிச்சு, நாலு வருசத்துக்கு மேல ஜெயிக்காம இருந்த அந்த டெர்பியை ஜெயிச்சுக் குடுத்தாரு. அதைப் பார்த்தியா மாமா நீ?"

பார்க்கவில்லை. டூரண்ட் கோப்பை என்ன, இந்தியன் சூப்பர் லீக்கையே அவர் பார்ப்பதில்லை. அது நம் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில், பெரும்பாலும் ராத்திரி ஏழரை மணிக்கு, கண் விழிக்காமல் பார்க்கிற வசதியோடு வருகிறது. அதனாலோ என்னவோ அவருக்கு அதில் மரியாதை இல்லை. சென்னையின் எஃப்சி 2015இலும் 2017–18 பருவத்திலும் கோப்பை வென்றது அவருக்குத் தெரியும், செய்தியாகத் தெரியும். சென்னை நேரு ஸ்டேடியத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. 2018 ஜூனில் மும்பையில் சொற்பக் கூட்டத்துக்கு முன்னால் இந்தியா 5-0 என்று ஜெயித்த மறுநாள், அதில் மூன்று கோல் அடித்த சுனில் சேத்ரி ஒரு வீடியோ போட்டார். ஐரோப்பிய கிளப்புகளின் ரசிகர்களே, எங்கள் தரம் அந்த அளவு இல்லைதான். திட்டுங்கள், விமர்சியுங்கள், அதை மைதானத்துக்கு வந்து செய்யுங்கள் என்று கைகூப்பாத குறையாகக் கேட்டார். அடுத்த ஆட்டத்துக்கு அரங்கம் நிரம்பியது. நட்சத்திரம் ரசிகனிடம் விசுவாசம் கேட்ட அந்த மனு, செல்லிப்பட்டு அலுவலகத்தில் இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கிறது.

அந்தச் சேத்ரி 2013இல் பெங்களூரு கிளப்பில் சேர்ந்தவர். 2025இல் லீக்கின் உரிமை ஒப்பந்தம் சிக்கலாகி அடுத்த பருவம் நடக்குமா என்பதே கேள்வியானபோது, அந்த ஆகஸ்டில் பெங்களூரு கிளப் முதல் அணியின் சம்பளத்தை நிறுத்தி வைத்தது. சென்னையின் எஃப்சியும் அணியின் வேலைகளை நிறுத்தி வைத்தது. கழுத்தில் கிளப் துண்டைப் போட்டுக்கொண்டு சின்னத்துக்கு முத்தம் கொடுத்தவர்கள், சின்னம் திரும்ப முத்தம் கொடுக்காது என்று தெரிந்துகொண்ட மாதம் அது.

சம்பளம் என்ற இடத்தில்தான் நம் தாசில்தார் இளகுவார். எம்பாப்பே தன் பழைய கிளப் 5.5 கோடி யூரோ சம்பள பாக்கி வைத்திருக்கிறது என்று வழக்குப் போட்டிருந்தார். 2025 டிசம்பரில் பாரிஸ் தொழிலாளர் நீதிமன்றம், கிளப் அவருக்குச் சுமார் 6 கோடி யூரோ தர வேண்டும் என்று உத்தரவிட்டது. அக்கா மகன் செல்போனில் இதைப் படித்துக் காட்டியபோது கடையே தாசில்தார் வாயைப் பார்த்தது. கோப்பை தந்த கிளப்பிடம் பணம் பறிக்கிறான் பாவி என்று வெடிப்பார் என எதிர்பார்த்தோம். அவர் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார்.

"சம்பள பாக்கியா? அப்ப குடுத்துடணும்டா. ஒழைச்ச காசு. அது வேற, இது வேற."

எனக்கு அது அவருடைய ஆகச் சிறந்த தீர்ப்பாகப் பட்டது. வேறு வேறாகத்தான் பார்க்க வேண்டும். வேலை என்பது ஒன்று, பாசம் என்பது இன்னொன்று. இதைப் புரிந்துகொள்ள எங்கள் மண்ணைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. 1954 அக்டோபர் 18ஆம் தேதி இந்தப் பக்கத்துக் கீழூரில்தான் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி இந்தியாவா பிரான்ஸா என்று ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியா என்றார்கள், 8 பேர் இல்லை என்றார்கள். 1962இல் ஒப்படைப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு, கொடுக்காதவர்களும் உண்டு. ஒரே குடும்பத்தில் அண்ணன் பிரெஞ்சுக்காரர், தம்பி இந்தியர். பொங்கலுக்கு இரண்டு பேரும் ஒரே இலை வரிசையில்தான் உட்கார்ந்தார்கள். நாட்டையே கையெழுத்துப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களைத் துரோகி என்று சொல்லாத ஊர், ஒரு பந்தாட்டக்காரன் கம்பெனி மாறியதற்காகப் பனியனில் டேப் ஒட்டுகிறது.

ஆனாலும் தாசில்தார் பக்கத்தில் ஒரு நியாயம் உண்டு. அதை மறைத்தால் சித்திரம் கோணலாகிவிடும். அவர் மொட்டை மாடியில் தொலைத்த தூக்கத்துக்கு யாரும் சம்பளம் தரவில்லை. மாட்ரிட்டோ பாரிஸோ அவரை வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. 2025 என்று எழுதிய சட்டையைத் தூக்கிக் காட்டினால் அவர் அதை நம்புவார். நம்புவதுதான் அவர் வேலை. போக வேண்டும் என்ற எண்ணம் உள்ளவன் போகலாம். இருக்கிறேன் என்று ஊரறியக் காட்டிவிட்டுப் போனால் ரசிகன் விசில் அடிக்கத்தான் செய்வான். அந்த விசில் நியாயமான விசில்.

ஆகவே என் தீர்ப்பு இது. நட்சத்திரம் கிளப்புக்குக் கொடுக்க வேண்டியது ஒப்பந்தம் முடியும் நாள்வரை ஒளிக்காத உழைப்பு. ரசிகனுக்குக் கொடுக்க வேண்டியது போவதா இருப்பதா என்று நேராகச் சொல்கிற ஒரு வார்த்தை. சின்னத்துக்கு முத்தம், மேடையில் கண்ணீர், சாகும்வரை இந்தச் சட்டைதான் என்கிற சத்தியம் எதையும் யாரும் கேட்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். அதற்கு மேல் கேட்பது கடன் வசூல் அல்ல, கந்துவட்டி.

தாசில்தார்களுக்கு ஒரு விண்ணப்பம். விசுவாசம் நல்ல சரக்கு. அதைப் பாரிஸுக்கு அனுப்பிவிட்டு ரசீதுக்குக் காத்திருக்க வேண்டாம். உப்பளம் மைதானத்தில் நம்மூர்ப் பையன்கள் ஆடுகிற நாளில் போய் உட்காருங்கள். சென்னையில் ஆட்டம் என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் ஏறுங்கள். மூன்று, மூன்றரை மணி நேரப் பயணம்தான். அடுத்த பொங்கல் போட்டிக்குத் திண்டிவனத்துக்குப் பைக் அனுப்பும் முன், ஓரமாக உட்கார்ந்திருக்கிற பையனை ஒருமுறை களத்தில் இறக்கிப் பாருங்கள்.